ஜின்கோ: விதை ஒரு மருந்து, இலை வேறொரு மருந்து

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஊரில் அப்பாவுக்கு 74 வயது. கொஞ்ச நாளாக மறதி அதிகம். இதயத்துக்காக தினமும் ஆஸ்பிரின் எடுக்கிறார். இங்கே சீனக் கடையில் ஜின்கோ விதை பாக்கெட்டில் கிடைக்கிறது, மருந்துக் கடையில் ஜின்கோ மாத்திரையும் கிடைக்கிறது. இரண்டும் ஒரே மரம்தானே, 5000 வருடத்து மருந்து என்று போட்டிருக்கிறார்களே. மாத்திரைக்குப் பதில் விதையையே வாங்கி அனுப்பினால் என்ன?"

முதலில் நேரடியான பதில். மறதிக்காக விதையை அனுப்பாதீர்கள். மாத்திரையை, ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். மரம் ஒன்றுதான். ஆனால் விதையும் இலையும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு நாட்டில், வேறு வேறு நோய்க்கு மருந்தானவை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. அதனால் மரத்திலிருந்தே வருகிறேன்.

ஜின்கோவுக்கு இன்று உலகத்தில் நெருங்கிய உறவு என்று ஒரு மரமும் இல்லை. அதன் குடும்பத்தில் மற்ற எல்லாம் அழிந்துவிட்டன. இதே இனத்து இலைகள் சுமார் 17 கோடி ஆண்டுப் பழைய பாறைகளில் பதிந்து கிடைக்கின்றன. இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: சின்ன விசிறி. நடுநரம்பு கிடையாது. காம்பிலிருந்து கிளம்பும் நரம்பு இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிந்து ஓரம்வரை போகும். நுனியில் ஒரு வெட்டு விழுந்து இலை இரு மடலாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் தாவரங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1771இல் 'ஜின்கோ பைலோபா' என்று பெயர் வைத்தார். பைலோபா என்றால் இருமடல்.

ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. விதைத்து முளைத்த கன்று காய்க்க ஏறக்குறைய 20, 30 வருடம் ஆகும். தாத்தா நட்டால் பேரன்தான் பறிப்பான் என்ற பொருளில் சீனத்தில் அதற்கு 'தாத்தா பேரன் மரம்' என்றே ஒரு பெயர் உண்டு. இலையின் வடிவத்தை வைத்து 'வாத்துக்கால்' என்பது இன்னொரு பழைய பெயர். மகரந்தத்துக்குள் நீந்தும் விந்தணு இருப்பதை 1896இல் தோக்கியோவின் கொய்ஷிகாவா தாவரவியல் தோட்டத்தில் ஹிரசே சகுகோரோ கண்டுபிடித்தார். விதைத் தாவரங்களில் இப்படி நீந்தும் விந்தணு இன்று இருப்பது ஜின்கோவுக்கும் சைகஸ் வகைகளுக்கும் மட்டும்தான். நம் நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று விற்கிறார்களே, அது சைகஸின் ஆண் கூம்பு. எனவே நம் பக்கத்தில் ஜின்கோவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று எதையாவது காட்ட வேண்டுமானால் அந்தச் செடியைக் காட்டலாம்.

இனி அந்த '5000 வருடம்'. மரம் பழையது; மருந்து அவ்வளவு பழையது இல்லை. ஜின்கோவைச் சந்தேகமில்லாமல் குறிப்பிடும் சீனக் குறிப்புகள் ஏறக்குறைய 11ஆம் நூற்றாண்டில், சோங் அரசர்கள் காலத்தில்தான் தொடங்குகின்றன. தெற்கே யாங்சி ஆற்றுப் பகுதியிலிருந்து விதைகள் தலைநகர் காய்ஃபெங்குக்குக் காணிக்கையாகப் போயின. 'வெள்ளி ஆப்ரிகாட்' என்ற அழகான பெயர் அப்போது நிலைத்தது. ஜப்பானியர்கள் அந்த எழுத்தை 'கின்க்யோ' என்று படித்தார்கள். நாகசாகியில் டச்சுக் கம்பெனியின் மருத்துவராக 1690 முதல் 1692 வரை இருந்த ஜெர்மானியர் எங்கெல்பெர்ட் கெம்ஃபர் அதை 1712இல் அச்சேற்றியபோது எழுத்து மாறி 'ஜின்கோ' ஆகிவிட்டது. லின்னேயஸும் அப்படியே எடுத்துக்கொண்டார். ஜப்பானில் இன்றைக்கும் மரம் 'இச்சோ', விதை 'கின்னான்'.

லி ஷிஷென் தொகுத்து 1596இல் வெளியான பெரிய சீன மருந்து நூலில் ஜின்கோ விதைக்குத் தனி இடம் உண்டு. எதற்கு? இருமல், இரைப்பு, சளி, வெள்ளைப்படுதல், அடிக்கடி சிறுநீர் கழித்தல். கவனியுங்கள், இந்தப் பட்டியலில் நினைவாற்றல் இல்லை. இரைப்புக்கான 16ஆம் நூற்றாண்டுக் கஷாயம் 'திங் சுவான் தாங்'. வறுத்து உடைத்த ஜின்கோ விதையும் மாஹுவாங் செடியும் அதில் முக்கியச் சரக்குகள். மாஹுவாங்கில் எஃபெட்ரின் இருக்கிறது. ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றும். பழைய குறிப்பில் 21 விதை என்று இருப்பதைப் பார்த்து யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். நாடி பார்த்து, மற்ற சரக்குகளோடு காய்ச்சி வடிகட்டி, வேளைக்குப் பிரித்துக் கொடுக்கும் மருந்து அது.

விதையைப் பற்றி இன்னும் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிருக்கு ஆபத்து இங்கேதான். இலையுதிர் காலத்தில் பெண் மரத்தடியில் மஞ்சள் நிறத்தில் சின்னப் பழம்போல உதிர்ந்து கிடப்பது உண்மையில் பழம் இல்லை, விதையின் வெளித்தோல் சதையாகத் தடித்தது. காறிப்போன வெண்ணெய் நாற்றம் அடிக்கும். அதே பியூட்டிரிக் அமிலம்தான் காரணம். இந்த நாற்றத்துக்காகவே உலகம் முழுக்கத் தெருவோரத்தில் ஆண் மரத்தை ஒட்டுக்கட்டி நடுகிறார்கள்.

நாற்றத்தைவிட மோசம் அந்தச் சதையில் உள்ள ஜின்கோலிக் அமிலம். நம் முந்திரிக்கொட்டை ஓட்டுப் பாலில் இருப்பதும் இதுவும் ஒரே வகை வேதிப்பொருள். கொட்டை உடைப்பவர்களின் விரல் எப்படி வெந்து தோலுரிகிறதோ, அதேபோல வெறுங்கையால் ஜின்கோ சதையைப் பிதுக்கினால் ஒன்றிரண்டு நாளில் அரிப்பும் கொப்புளமும் வரலாம். முந்திரிப் பால், சேங்கொட்டை, மாங்காய்ப் பால் ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாதவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம். பொறுக்குகிறவர்கள் ரப்பர் கையுறை போட்டு, வாளித் தண்ணீரில் ஊறவைத்துச் சதையைத் தேய்த்து நீக்கி, பலமுறை அலசி, வெயிலில் காயவைக்கிறார்கள். அப்படி மிஞ்சுவதுதான் கடையில் காணும் வெள்ளை ஓட்டு விதை.

சமைக்கும் முறை இது. ஓட்டின் விளிம்பில் லேசாகத் தட்டினால் விரிசல் விடும். ஓங்கி அடித்தால் பருப்பு நசுங்கும். உடைத்த பருப்பைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடத்தில் கரண்டியின் முதுகால் உருட்டினால் பழுப்புச் சவ்வு கழன்று வரும். உள்ளே பச்சை கலந்த மஞ்சள் பருப்பு, வெந்ததும் கண்ணாடிபோலப் பளபளக்கும். நீளவாக்கில் பிளந்தால் நடுவில் ஊசி கனத்தில் முளை இருக்கும். கசப்பு அதில்தான் அதிகம் என்பதால் சீனச் சமையலில் அதைக் கிள்ளி எறிவார்கள். பிறகு மறுபடி நன்றாக வேகவைக்கிறார்கள். சிங்கப்பூரில் தியோச்சு இனிப்பான 'ஓர் நீ'யில் சேப்பங்கிழங்கு மசியலின் மேல் சில பருப்புகள் வைப்பதையும், ஜப்பானிய முட்டைக் கஸ்டர்டில் கிண்ணத்துக்கு ஒன்றிரண்டு போடுவதையும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சமையல்கள் விதையை எண்ணித்தான் போடுகின்றன, கைப்பிடியாக அள்ளிப் போடுவதில்லை.

விதையிலுள்ள ஜின்கோடாக்சின் உருவத்தில் வைட்டமின் பி6 போலவே இருக்கும். பி6ஐ உடலுக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதி, ஏமாந்து இதைப் பிடித்துக்கொள்கிறது. அந்த வடிவம் குறைந்தால் மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற பொருள் போதுமான அளவு உற்பத்தி ஆகாது. விளைவு வலிப்பு. காசநோய்க்கு ஐசோநயசிட் எடுப்பவர்களுக்கு ஏன் பி6 மாத்திரையும் சேர்த்துத் தருகிறார்கள் என்று கேட்டால் டாக்டர் சொல்லும் விளக்கமும் ஏறக்குறைய இதே பி6 கதைதான். ஐசோநயசிட் அளவுக்கு மீறிப் போனால் வருவதும் இதே வலிப்புதான். ஜப்பானில் உணவுப் பஞ்சம் நிலவிய போர்க்காலத்திலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் இந்த விதையைப் பசிக்குத் தின்ற பலர் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள், இறந்தும் போனார்கள். அதிகம் பாதிக்கப்பட்டவை குழந்தைகள். நச்சு எது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1985இல்தான் பிரித்துக் காட்டினார்கள்.

"நன்றாக வேகவைத்தால் போய்விடுமா?" என்பார்கள். முழுதாகப் போகாது. ஜின்கோடாக்சின் வெப்பத்தைத் தாங்கும். வேகவைப்பதால் அளவு குறையலாம். எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதுதான் உண்மையான பாதுகாப்பு. வெந்த விதையே ஒரே வேளையில் 10 முதல் 50 தின்றால் நச்சாகலாம் என்று ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு மையம் எச்சரிக்கிறது. சீன அரசு மருந்து நூல் வைத்தியருக்குத் தரும் அளவே ஒரு நாளைக்கு 5 முதல் 10 கிராம். பெரியவர்கள் எப்போதாவது நாலைந்து விதை சாப்பிடலாம். சின்னக் குழந்தைகளுக்கு ஒன்றுகூட வேண்டாம் என்பது என் கருத்து. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் அதேதான். பச்சையாக யாருமே தின்னக்கூடாது.

தப்பித் தவறி நிறையத் தின்றுவிட்டால் ஒன்று முதல் 12 மணி நேரத்துக்குள் வாந்தி, தலைசுற்றல், படபடப்பு, பிறகு வலிப்பு வரலாம். வீட்டில் வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள்; நடுவில் வலிப்பு வந்தால் புரையேறும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், தின்றது ஜின்கோ விதை, எத்தனை, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். பாக்கெட்டையும் எடுத்துப் போங்கள். அது தெரிந்தால்தான் டாக்டர் வழக்கமான வலிப்பு மருந்தோடு நிற்காமல் பி6 ஊசியும் போடுவார்.

இப்போது இலைக்கு வருவோம். இது முற்றிலும் வேறு கதை. பழைய சீன வைத்தியத்தில் இலைக்கு இருந்த இடம் மிகச் சிறியது. இன்று மாத்திரையாக விற்பது 1965இல் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவே நகரின் வில்மர் ஷ்வாபே நிறுவனம் கொண்டுவந்த இலைச் சாற்றின் வழியில் வந்தது. அங்கே அதன் பெயர் டெபோனின். ஆய்வுக் கட்டுரைகளில் 'இஜிபி 761'. ஆக இந்த மருந்துக்கு வயது அறுபதுதான்.

எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் வீட்டில் இலைத் தேநீர் போடும் யோசனை தானாக விட்டுப்போகும். அமெரிக்காவில் தென் கரோலினாவின் சம்டர் ஊரிலும் பிரான்சில் போர்தோ பக்கமும் ஜின்கோவைப் புதர்போல வெட்டி வளர்த்து, பச்சை இலையை எந்திரத்தால் அறுக்கிறார்கள். காய்ந்த இலையை அசிட்டோனும் தண்ணீரும் கலந்த கரைசலில் ஊறவைத்துச் சாறு இறக்குகிறார்கள். பிறகு பல படிகளில் சுத்தம் செய்கிறார்கள். அதன் முக்கிய நோக்கம், கொப்புளம் உண்டாக்கும் அந்த ஜின்கோலிக் அமிலத்தை நீக்குவது. அது இலையிலும் நிறைய உண்டு. முடிவில் பத்து லட்சத்தில் 5 பங்குக்குக் கீழே வர வேண்டும். தேவையானதைக் கூட்டுகிறார்கள்: ஃபிளேவோன் கிளைக்கோசைடு 22 முதல் 27 சதவீதம், டெர்பீன் லாக்டோன் 5 முதல் 7 சதவீதம். 35 முதல் 67 கிலோ காய்ந்த இலைக்கு ஒரு கிலோ சாறுதான் கிடைக்கும். சராசரியாக 50 என்று வைத்தால், 120 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுக்குள் 6 கிராம் காய்ந்த இலையின் சாரம் இருக்கிறது. அந்தச் சாரத்தை வெந்நீர் அதே விகிதத்தில் இறக்காது, அந்த அமிலத்தைப் பிரித்து நீக்கவும் செய்யாது. இலைப்பொடி நிரப்பிய காப்ஸ்யூலுக்கும் இதே குறை உண்டு.

டெர்பீன் லாக்டோன் என்றேனே, அதில் ஜின்கோலைடுகளும் பைலோபலைடும் அடக்கம். ஜின்கோலைடின் விசித்திரமான கூண்டு வடிவத்தை 1967இல் வெளியிட்டவர் செண்டாயில் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் இருந்த நகனிஷி கோஜி. புயலில் சாய்ந்த ஜின்கோ மரங்களின் வேர்ப்பட்டை அந்த ஆய்வுக்குப் பயன்பட்டது. அதன் ஒரு வகையான ஜின்கோலைடு பி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைத் தூண்டும் ஒரு காரணியைத் தடுக்கிறது என்பது 1980களில் தெரிந்தது. அதே பொருளை ஆய்வகத்தில் முழுதாகக் கட்டி எழுப்பியவர் இ.ஜே. கோரி, 1988இல். 1990இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. தட்டணுவைப் பற்றிய விஷயத்தை மனதில் வையுங்கள், உங்கள் அப்பாவின் ஆஸ்பிரினுக்கு அது வேண்டும்.

மறதிக்கு உதவுமா? இரண்டு கேள்வியாகப் பிரித்தால் பதில் தெளிவாகும். நல்ல நிலையில் இருப்பவருக்கு மறதி நோய் வராமல் தடுக்குமா? தடுக்காது. அமெரிக்காவில் பெரும்பாலும் 75 வயதைத் தாண்டிய 3,069 பேருக்கு தினம் இரண்டு வேளை 120 மில்லிகிராமோ வெற்று மாத்திரையோ கொடுத்து ஆறு வருடம் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது. ஜின்கோ எடுத்தவர்களில் 277 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 246 பேருக்கும் மறதி நோய் வந்தது. பிரான்சில் 2,800க்கும் மேற்பட்டவர்களிடம் ஐந்து வருடம் நடந்த ஆய்வின் முடிவும், 2012இல், அதேதான். "வருமுன் காக்க" என்று 50 வயதில் வாங்கத் தொடங்குகிறவர்கள் பணத்தைச் சேமிக்கலாம்.

ஏற்கெனவே லேசான மறதி நோய் தொடங்கியவருக்கு? இங்கே சிறு பலன் தெரிகிறது. தினம் 240 மில்லிகிராம் கொடுத்து ஐந்தாறு மாதம் பார்த்த சில ஆய்வுகளில், குறிப்பாக மறதியோடு பதற்றம், எரிச்சல், சோர்வும் இருந்தவர்களிடம், கொஞ்சம் முன்னேற்றம் காணப்பட்டது. பல ஆய்வுகளுக்குச் செலவு செய்தது தயாரிப்பாளர் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு, வயதால் வரும் அறிவுத்திறன் குறைவுக்கும் லேசான மறதி நோயிலும் இந்த அளவை ஏற்றுக்கொண்டிருக்கிறது: குறைந்தது 8 வாரம் எடுக்க வேண்டும், 3 மாதத்தில் பலன் தெரியாவிட்டால் தொடரலாமா என்று டாக்டர் முடிவு செய்ய வேண்டும். காது இரைச்சலுக்கும் மலை ஏறும்போது வரும் தலைவலிக்கும் சொல்லப்படும் பலனுக்கு நல்ல ஆதாரம் இல்லை.

ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தொலைவில் கருகிய ஜின்கோ மரங்கள் துளிர்த்தன என்பது உண்மை. 600 வயது தாண்டிய மரங்களிலும் முதுமையின் அடையாளம் இல்லை என்று 2020இல் சீன ஆய்வாளர்கள் காட்டியதும் உண்மை. மாத்திரை டப்பாவில் இவற்றை அச்சிடுகிறார்கள். மரம் அப்படி நீடிப்பதற்குக் காரணம் அதன் பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படலமும் அதன் தற்காப்பு மரபணுக்களும். இலைச் சாறு வழியாக அது மனிதருக்கு வந்துசேர்வதில்லை.

இனி உங்கள் அப்பா. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளோடு ஜின்கோ சேர்ந்தால் ரத்தக் கசிவு கூடலாம். கட்டுப்பாடான ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கண்ணிலும் மூளை உறையிலும் ரத்தம் கசிந்த தனித்தனி நோயாளிக் குறிப்புகள் இருக்கின்றன. 74 வயதில், கீழே விழும் வாய்ப்பும் உள்ளவருக்கு இந்த ஆபத்தை டாக்டர் அறியாமல் ஏற்கக்கூடாது. வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், எஃபாவிரென்ஸ் எடுக்கும் எச்.ஐ.வி. நோயாளிகள் தவிர்க்க வேண்டும். பொதுவான தொந்தரவுகள் தலைவலி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல்.

அதற்கும் முன்னால், மறதிக்குக் காரணம் என்ன என்று பாருங்கள். பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, இரவில் எடுக்கும் தூக்க மாத்திரை, காது கேளாமை, இவை எல்லாம் மறதிபோலவே வரும். சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் தேறும். ரத்தப் பரிசோதனையில் முதல் இரண்டும் தெரிந்துவிடும். ஜின்கோ வாங்கி மூன்று மாதம் காத்திருந்தால் அந்த மூன்று மாதமும் வீண்.

டாக்டர் சரி என்றால், டப்பாவில் 'இலைச் சாறு' என்றும் ஃபிளேவோன் கிளைக்கோசைடு 24 சதவீதம், டெர்பீன் லாக்டோன் 6 சதவீதம் என்றும் ஜின்கோலிக் அமிலம் பத்து லட்சத்தில் 5 பங்குக்குக் கீழ் (5 ppm) என்றும் இருக்கிறதா பாருங்கள். ஒரே மாத்திரையில் வேறு நாலு மருந்து கலந்தது வேண்டாம். ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. மிக மலிவான சரக்கில் கலப்படம் அதிகம்: வேறு செடிகளிலிருந்து எடுக்கும் விலை குறைந்த ரூட்டின் என்ற ஃபிளேவோன் வகைப் பொருளைக் கலந்து அந்த 24 சதவீதத்தை எட்டவைக்கிறார்கள். சாறு இறக்கச் சில தொழிற்சாலைகள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்தியதை 2015இல் சீன அரசே கண்டுபிடித்துச் சரக்கைத் திரும்பப் பெற வைத்தது.

தொடங்கும் தேதியை மருந்துச் சீட்டிலேயே எழுதி வையுங்கள். காலை ஒன்று, மாலை ஒன்று, 120 மில்லிகிராம். மூக்கில் ரத்தம், பல் துலக்கும்போது ரத்தம், காரணமில்லாத கன்றிய தடம், கருப்பாக மலம், திடீர்த் தலைவலி, இதில் எது வந்தாலும் ஜின்கோவை அன்றே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். பல் பிடுங்குவதோ கண்புரை அறுவையோ வந்தால் மூன்று நான்கு நாள் முன்பே ஜின்கோவை நிறுத்தி, அதை எடுத்து வந்ததையும் அறுவை செய்பவரிடம் சொல்லிவிடுங்கள். மூலிகைதானே என்று பலர் சொல்லாமல் விட்டுவிடுவது இதைத்தான்.